வானத்துக் கண்ணும் கிணற்றுக் கயிறும்

(பண்ணை வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மானாவாரி கிராமத்துக்குப் போயிருந்தேன். நீர்வடிப்பகுதி மேம்பாட்டு வேலை முடிந்து நாலு வருஷம் ஆன ஊர். கரட்டு அடிவாரத்தில் கல் வரப்பு, நடுவில் சம உயர மண் வரப்பு, ஓடையில் தடுப்பணை, கீழே கசிவுநீர்க் குட்டை என்று வேலை நடந்திருந்தது. ஊராட்சி மன்றச் சுவரில் இரண்டு வண்ணப் படங்களை ஒட்டியிருந்தார்கள். ஒன்று வேலைக்கு முன்னால் செயற்கைக்கோள் எடுத்தது. மற்றொன்று வேலைக்குப் பின்னால் எடுத்தது. முதல் படம் வெளிறிக் கிடந்தது. இரண்டாவது படத்தில் பச்சை நிறைந்திருந்தது. 'திட்டம் வெற்றி' என்று கீழே எழுதியிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஏந் தம்பி, படத்துல ஊரே பச்சையா இருக்கு. எங் கிணத்துல ஒரு அடிகூடத் தண்ணி ஏறலையே. படம் பொய்யா, எங் கிணறு பொய்யா?"

நல்ல கேள்வி. இது அந்தப் பெரியவருக்கு மட்டும் உள்ள கேள்வி இல்லை. இப்படிப்பட்ட படங்களை வைத்துத்தான் ஒரு வேலை பலித்ததா இல்லையா என்று இப்போது பல இடங்களில் முடிவு செய்கிறார்கள். அடுத்த கட்டப் பணம் வருவதும் வராததும்கூட அதைப் பொறுத்து அமையலாம். ஆகவே படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது குடியானவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இலையின் பச்சையை அது எப்படிக் காண்கிறது?

செயற்கைக்கோள் எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகிறது. அதில் உள்ள கருவி, தரையில் பட்டுத் திரும்பி வரும் வெயிலை அளக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அது தனித்தனியாக அளந்துகொள்ளும்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான இலை, வெயிலில் உள்ள சிவப்பு ஒளியைத் தன் உணவுக்காக உறிஞ்சிக்கொள்கிறது. அகச்சிவப்பு ஒளியை வேண்டாம் என்று திருப்பி விடுகிறது. வெறும் மண் அப்படிச் செய்வதில்லை. இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பும். தண்ணீரோ அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அதனால் குளமும் குட்டையும் அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரியும்.

இதை ஒரு கணக்காகவே போட்டுவிட்டார்கள். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழிக்க வேண்டும். வந்த தொகையை, இரண்டையும் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். ஒரு வயலிலிருந்து அகச்சிவப்பு நூற்றுக்கு 40 பங்கும், சிவப்பு 10 பங்கும் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் 30, கூட்டினால் 50. வகுத்தால் 0.6 வருகிறது. அது பயிர் செழித்த நிலம். பக்கத்துத் தரிசில் அகச்சிவப்பு 25, சிவப்பு 20 என்றால், 5-ஐ 45-ஆல் வகுக்க 0.11 வரும். அது வெறும் மண். இந்த எண்ணுக்குப் 'பசுமைக் குறியீடு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். படத்தில் பச்சையாகவும் பழுப்பாகவும் பூசியிருப்பது இந்த எண்ணைத்தான். அது புகைப்படம் இல்லை, எண்ணுக்கு நிறம் கொடுத்த கணக்குத் தாள்.

ஒரு கட்டம் எத்தனை சென்ட்?

செயற்கைக்கோள் ஒவ்வொரு செடியாகப் பார்ப்பதில்லை. நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண் கொடுக்கிறது. அந்தக் கட்டம் எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்குப் படம் துல்லியம்.

1972-ல் அமெரிக்கா விட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் கட்டம் சுமார் 80 மீட்டர் சதுரம். நம் கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. மூன்று சிறு விவசாயிகளின் நிலம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். 1988 மார்ச்சில் நம் நாடு விட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்ற செயற்கைக்கோளில் ஒரு கருவியின் கட்டம் 72.5 மீட்டர், மற்றொன்றின் கட்டம் 36.25 மீட்டர். அதாவது சுமார் 32 சென்ட். 1995-ல் விட்ட ஐ.ஆர்.எஸ்.-1சி-யில் அது 23.5 மீட்டர் ஆனது. பதின்மூன்று, பதினான்கு சென்ட் என்று சொல்லலாம். 2003-ல் போன ரிசோர்ஸ்சாட்டில் இருந்த ஒரு கருவி 5.8 மீட்டர் கட்டம் வரை பார்த்தது. அது ஒரு சென்ட்டுக்கும் குறைவு.

2015-ல் ஐரோப்பியர் விட்ட சென்டினல்-2 செயற்கைக்கோளின் கட்டம் 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். 2017-ல் அதற்கு ஜோடி ஒன்றும் போன பிறகு, ஐந்து நாளைக்கு ஒரு முறை அதே இடத்தைப் படம் எடுக்க முடிந்தது. அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பெறலாம். லேண்ட்சாட் படங்களும் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. எடுத்த படங்களைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். வேலை தொடங்கும்போது யாரும் நிலைமையைக் குறித்து வைக்காமல் போயிருந்தாலும், பத்து இருபது வருஷத்துக்கு முந்திய படத்தை இன்று எடுத்துப் பார்க்க முடியும். பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரம் மாதிரி அது. யாரும் திருத்த முடியாது.

கட்டத்தின் அளவைப் பார்த்தே எது தெரியும், எது தெரியாது என்று நீங்களே சொல்லிவிடலாம். 30 மீட்டர் சதுரப் பண்ணைக் குட்டை, சென்டினல் படத்தில் ஒன்பது கட்டம் பிடிக்கும். நன்றாகத் தெரியும். குறுகலான ஓடையில் கட்டிய தடுப்பணையோ ஒரு கட்டம்கூடப் பிடிக்காது. வயலில் போட்ட மண் வரப்பும் தெரியாது. வரப்பினால் ஈரம் தங்கி, பயிர் கூடுதலாக இரண்டு வாரம் பச்சையாக நின்றால் அது தெரியும். ஆக, படம் காட்டுவது நாம் செய்த வேலையை அல்ல. வேலையின் பலனைத்தான் காட்டுகிறது.

மழையைக் கழித்துப் பாருங்கள்

இப்போது மிக முக்கியமான சங்கதிக்கு வருவோம். வேலைக்கு முந்திய படம் வறட்சி வருஷத்தில் எடுத்தது, பிந்திய படம் நல்ல மழை வருஷத்தில் எடுத்தது என்றால், வேலையே செய்யாமல் இருந்தாலும் பச்சை கூடித்தான் இருக்கும். வருண பகவான் செய்ததைத் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அதற்கு மூன்று வழி வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, இரண்டு படமும் ஒரே மாதத்துப் படமாக இருக்க வேண்டும். கார்த்திகைப் படத்தையும் பங்குனிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசக் கூடாது.

இரண்டாவது, அந்தந்த வருஷத்து மழை அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரி மழை பெய்த இரண்டு வருஷங்களை ஒப்பிட்டால் உத்தமம்.

மூன்றாவது, வேலை நடக்காத ஒரு பக்கத்து நீர்வடிப்பகுதியையும் கூடவே பார்க்க வேண்டும். மண், சரிவு, மழை மூன்றும் நம் ஊர் மாதிரியே இருக்க வேண்டும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நம் ஊரின் பசுமைக் குறியீடு முன்பு 0.28, இப்போது 0.36. ஆகக் கூடியது 0.08. வேலை நடக்காத பக்கத்து ஊரில் முன்பு 0.27, இப்போது 0.33. அங்கே கூடியது 0.06. அது மழையினால் வந்தது. நம் ஊரிலும் அந்த 0.06 மழையின் பங்குதான். மிச்சம் 0.02 தான் நம் வரப்பும் அணையும் கொடுத்தது. பெரிய வெற்றி என்று கொட்டடித்தது சின்ன வெற்றியாகச் சுருங்கிவிடும். சில சமயம் தலைகீழாகவும் வரும். வறட்சி வருஷத்தில் நம் ஊர்ப் பச்சை கொஞ்சம் குறைந்து, பக்கத்து ஊர்ப் பச்சை ரொம்பக் குறைந்திருந்தால், அதுவும் நமக்கு வெற்றிதான்.

இன்னொரு சங்கடம் மேகம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடந்தால் இந்தச் செயற்கைக்கோளுக்குத் தரை தெரியாது. ஆனால் வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஊருக்குத் தை, மாசிப் படங்களே போதும். மழை நின்ற பிறகு எத்தனை நாள் ஈரம் தாங்குகிறது என்பதுதானே நமக்கு வேண்டியது?

சீன நாட்டு மஞ்சள் மண் மேட்டில் கண்ட பாடம்

உலகத்திலேயே பெரிய அளவில் இந்த வேலை நடந்த இடங்களில் ஒன்று சீனாவில் உள்ள லோயஸ் பீடபூமி. தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு பரப்பு. காற்று கொண்டுவந்து குவித்த, மாவு போன்ற மஞ்சள் மண். சரிவில் உழுததாலும், ஆடுகள் மேய்ந்ததாலும், மழை பெய்தால் மண் கரைந்து ஓடியது. அந்த மண்ணைச் சுமந்ததால்தான் அங்குள்ள ஆற்றுக்கு மஞ்சள் ஆறு என்றே பேர்.

1994-ல் உலக வங்கிக் கடனுதவியோடு அங்கே ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. இரண்டு கட்டமாக 2005 வரை நடந்தது. சரிவை வெட்டிப் படிக்கட்டு வயலாக்கினார்கள். செங்குத்தான இடத்தில் உழவை நிறுத்தி மரமும் புல்லும் வைத்தார்கள். ஆடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் கொட்டிலில் கட்டித் தீவனம் போடச் சொன்னார்கள். 1999 முதல் சீன அரசாங்கமே, சரிவு நிலத்தில் உழவை விடுகிற விவசாயிக்குத் தானியமும் பணமும் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

பலன் என்ன? இவ்வளவு பெரிய பரப்பை யாரால் நடந்து அளக்க முடியும்? செயற்கைக்கோள் அளந்தது. 1999-ல் நூற்றுக்கு 32 பங்கு அளவில் இருந்த பசுமைப் போர்வை, 2013-ல் 60 பங்கு அளவுக்கு வந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு மடங்கு. மஞ்சள் ஆறு சுமந்து போகும் மண்ணும் அறுபது வருஷத்தில் நூற்றுக்கு 90 பங்கு குறைந்துவிட்டது.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் விஞ்ஞானிகள் நிறுத்தவில்லை. ஆற்றில் தண்ணீரையும் மண்ணையும் அளந்த பழைய கணக்குகளை எடுத்து, படத்தோடு வைத்துப் பார்த்தார்கள். இரண்டு விஷயம் தெரிந்தது. மண் குறைந்ததில் முதல் பகுதி, பச்சை கூடுவதற்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. முன்பே கட்டிய படிக்கட்டு வயலும் தடுப்பணையும் நீர்த்தேக்கமும் செய்த வேலை அது. பசுமைப் படத்தை மட்டும் பார்த்தவனுக்கு இது தெரிந்திருக்காது. இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. மரமும் புல்லும் கூடக் கூட, அவை குடிக்கும் தண்ணீரும் கூடியது. ஆற்றுக்கு இறங்கும் தண்ணீர் குறைந்தது. இனிமேலும் மரம் வைத்துக்கொண்டே போனால் மனிதருக்கு வேண்டிய தண்ணீருக்கு இடைஞ்சல் வரும், அந்த மண்ணின் தண்ணீர் தாங்கும் எல்லை நெருங்கிவிட்டது என்று 2016-ல் வெளியான ஆராய்ச்சி எச்சரித்தது.

பாருங்கள், பச்சை என்பது வேறு, தண்ணீர் என்பது வேறு. பச்சை கூடினால் மண் தங்கும். தண்ணீர் கூடியதா என்பதைத் தனியாக அளந்துதான் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில்

நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 2001 முதல் 2009 வரை நடந்த 'சுஜலா' திட்டத்தில், நம் விண்வெளித் துறையைச் சேர்ந்த ஆன்ட்ரிக்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களையும் கிராமத்துக் கணக்கையும் சேர்த்து வைத்து வேலையை மதிப்பிட்டது. 2015-ல், நாடு முழுவதும் நடந்த நீர்வடிப்பகுதி வேலைகளைப் பார்க்க, ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் 'புவன்' தளத்தில் 'சிருஷ்டி' என்றொரு ஏற்பாடு வந்தது. கட்டிய அணையைக் கைப்பேசியில் படம் எடுத்து, அது எந்த இடம் என்ற குறியோடு அனுப்ப 'திருஷ்டி' என்ற செயலியும் வந்தது. வானத்துப் படத்தில் தடுப்பணை தெரியாது என்று சொன்னேன் அல்லவா? அந்தக் குறையைத் தரைப்படம் தீர்க்கிறது. கட்டாத அணைக்குக் கணக்கு எழுதுவதும் கஷ்டமாகிறது.

பச்சையெல்லாம் பயிர் இல்லை

நாம் கவனிக்க வேண்டிய ஏமாற்றுப் பச்சை இரண்டு உண்டு.

ஒன்று சீமைக் கருவேல். செயற்கைக்கோளுக்கு இலை என்றால் இலைதான். கம்பும் கருவேலும் அதற்கு ஒன்றே. கைவிட்ட நிலத்தில் கருவேல் மண்டினால், படத்தில் ஊர் செழித்த மாதிரி தெரியும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பயிரின் பச்சை விதைத்த பிறகு ஏறும், அறுத்ததும் இறங்கும். கருவேல் பங்குனி, சித்திரையிலும் பச்சையாகவே நிற்கும். ஆகவே ஒரே ஒரு படத்தைப் பார்க்காமல், வருஷம் முழுவதும் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

மற்றொன்று ஆழ்துளைக் கிணற்றுப் பச்சை. தடுப்பணை கட்டி நிலத்தடியில் கொஞ்சம் தண்ணீர் ஊறியதும், நாலு பேர் போர் போட்டுக் கரும்பும் வாழையும் வைத்துவிடுகிறார்கள். படம் முன்னைவிடப் பச்சையாகும். நிலத்தடி நீரோ முன்னைவிடக் கீழே போகும். கிணற்றுக்குள் இருக்கும் தண்ணீரை இந்தப் படம் பார்க்காது. நிலத்தடி நீர் மாற்றத்தை உணரும் வேறு வகைச் செயற்கைக்கோள் உண்டு. ஆனால் அது பல மாவட்டங்களைச் சேர்த்துத்தான் சொல்லும். உங்கள் ஊர்க் கிணற்றைச் சொல்லாது.

படத்தில் மேல்காட்டுக்காரர், கீழ்காட்டுக்காரர் என்பதும் தெரியாது. கூடிய பச்சை யார் நிலத்தில் கூடியது, ஆடு மேய்க்கிறவருக்கு மேய்ச்சல் போனதா, இதையெல்லாம் ஊரார்தான் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

வானத்துக் கண்ணுக்குத் தெரியாததைத் தரையில் இருக்கிற நாம் எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மழை: மழைமானி இல்லாவிட்டால், வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவை வெட்டவெளியில் வையுங்கள். தினம் காலை எட்டரை மணிக்கு அளவுகோலை விட்டு மில்லிமீட்டரில் குறியுங்கள்.

கிணறு: அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டுங்கள். மாதம் முதல் தேதி, காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால், கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எத்தனை முடிச்சு என்று எழுதுங்கள். தடுப்பணைக்கு மேலே இரண்டு கிணறு, கீழே இரண்டு கிணறு என்று நாலு கிணற்றில் அளந்தால் போதும். வேலை தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்பே ஆரம்பிப்பது நல்லது.

பயிர்: எந்தச் சர்வே நம்பரில், எந்தப் பட்டத்தில், என்ன விதைத்தோம், எத்தனை மூட்டை கண்டது என்பதைக் குறியுங்கள்.

படம்: ஓடையையும் குட்டையையும் வருஷா வருஷம் அதே மாதத்தில், அதே இடத்தில் நின்று கைப்பேசியில் எடுத்து வையுங்கள்.

கிராம சபையில் யாராவது வண்ணப் படத்தைக் காட்டினால் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். "ஐயா, இது எந்தத் தேதியில் எடுத்தது? அந்த ரெண்டு வருஷமும் மழை எவ்வளவு? வேலை நடக்காத ஊரோட ஒப்பிட்டீங்களா?" இதற்குப் பதில் இருந்தால் படத்தை நம்பலாம். பதில் இல்லாவிட்டால் அது சுவருக்கு அழகு, அவ்வளவுதான்.

முதலில் சொன்ன பெரியவருக்கு வருகிறேன். படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தேன். ஓடைக்கரையில் இருந்த அடர்பச்சை முழுக்கச் சீமைக் கருவேல். நடுக்காட்டில், வரப்பு போட்ட இடத்தில் இருந்த இளம்பச்சை நிஜமான பயிர். அங்கே சோளம் நன்றாக வந்திருந்தது. அவருடைய கிணறு தடுப்பணைக்கு மேல்புறம், மேட்டில் இருந்தது. அணையில் தேங்கிய தண்ணீர் கீழ்ப்புறக் கிணறுகளுக்குத்தான் போயிருக்கிறது. "அப்ப ரெண்டுமே பொய்யில்லை, பாக்கிற வகையிலதான் இருக்கு" என்றார். பிறகு, "எங் கிணத்துக்கு மேல ஒரு கசிவுநீர்க் குட்டைக்கு எழுதிப் போடுங்க. வெட்டுறதுக்கு முன்னாடியே நான் கயித்துல முடிச்சுப் போட்டு வெச்சுர்றேன்" என்றார்.

நாம் எல்லாரும் அந்தக் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைப்போம்.